ஏசி போட்டால் முள் ஏறுகிறதா?
பெங்களூருவில் வாடகைக் கார் ஓட்டும் தம்பிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களே,

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று சொந்த மண்ணை விட்டு வந்து, பெங்களூருவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் உங்களுக்கு, முப்பது வருடமாக இதே ஊரில் போனட்டுக்குள் தலையை விட்டே காலம் கழித்த ஒரு மெக்கானிக் எழுதுவது. உங்களில் சிலர் என் ஷெட்டுக்கு வந்திருப்பீர்கள். வராதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மார்ச் மாதம் ஒரு மத்தியானம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. “அண்ணே, ஏசி போட்டா சிக்னல்ல டெம்பரேச்சர் முள் ஏறுது. நிறுத்திட்டா இறங்கிடுது. மூணு வாரமா ஏசி இல்லாமத்தான் ஓட்டுறேன். கஸ்டமர் எல்லாம் கோவிச்சுக்கிறாங்க, ஸ்டார் குறைக்கிறாங்க” என்றார்.

“மூணு வாரமா ஏம்ப்பா காட்டல?” என்று கேட்டேன்.

“ஏசிதானேண்ணே, இன்ஜின் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே பதிலை வருடத்துக்கு இருபது முப்பது பேரிடம் கேட்கிறேன். அதில் நான்கைந்து பேர் இரண்டாம் முறை வரும்போது வண்டி ஓடி வருவதில்லை, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

ஏசி போட்டால் மட்டும் இன்ஜின் சூடாகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஏசியில் இருக்காது. இன்ஜினைக் குளிர வைக்கும் ஏற்பாட்டில் எங்கோ ஒரு பலவீனம் ஏற்கெனவே புகுந்திருக்கிறது. ஏசி அதைக் காட்டிக் கொடுக்கிறது. நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் படுத்தால், வந்த திருடன் திரும்பியா போய்விடுவான்?

எப்படிக் காட்டிக் கொடுக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் காரின் முன் கிரில்லுக்குள் எட்டிப் பாருங்கள். முதலில் தெரிவது ரேடியேட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏசியின் கண்டன்சர். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிற்பதுதான் ரேடியேட்டர். அதற்கும் பின்னால் ஃபேன். காரின் உள்ளே இருந்து ஏசி இழுத்த சூடு முழுவதையும் அந்தக் கண்டன்சர் தன் மேல் படும் காற்றில்தான் கொட்டுகிறது. வீட்டில் ஒரு டன் ஏசி என்கிறோமே, அது 3.5 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளுவது. ஒரு சின்ன காரின் ஏசியும் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சூட்டை இழுக்கும். கம்ப்ரஸர் ஓடுவதால் வரும் சூடு அதற்கு மேல். ஆக, ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும் காற்று, வெளிக்காற்றை விடப் பத்துப் பதினைந்து டிகிரி சூடாகித்தான் போகிறது. போதாததற்குக் கம்ப்ரஸரைச் சுற்றும் வேலையும் இன்ஜின் தலையில். ஒரு கையில் பை தூக்கி நடப்பவனுக்கு இன்னொரு கையிலும் பையைக் கொடுத்த மாதிரி. உடம்பு சரியாக இருப்பவன் நடந்துவிடுவான். உள்ளே நோய் இருப்பவனுக்கு அப்போதுதான் மூச்சு வாங்கும்.

இந்தச் சுமைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1939-இல் அமெரிக்காவில் பேக்கார்டு என்ற கம்பெனி முதன்முதலாகக் காரில் ஏசி வைத்து விற்பனைக்குக் காட்டியது. அதில் ஏசியை நிறுத்த வேண்டுமென்றால், இன்ஜினை அணைத்து, போனட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அன்றைக்கு ஏசி இன்ஜினுக்கு ஒரு ஒட்டுச் சுமை. இன்று அப்படி இல்லை. இன்ஜின், ஃபேன், ரேடியேட்டர், ஏசி எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. நீங்கள் ஓட்டும் அதே மாடல் மே மாதத்து வேலூரிலும், நாக்பூரிலும், ராஜஸ்தானிலும் ஏசி போட்டுத்தான் ஓடுகிறது. ஆகவே “வெயில் ஜாஸ்திண்ணே, அதான் ஹீட் ஆகுது” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆரோக்கியமான கார் எந்த வெயிலிலும் ஏசியோடு சிக்னலில் நிற்கும். நிற்க முடியவில்லை என்றால் ஏதோ ஒன்று பழுது.

ஆனால் பெங்களூரு அந்தப் பழுதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும் ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். குளுகுளு ஊர் என்ற பழைய பெயரை நம்ப வேண்டாம். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி அடித்தது. 2024 ஏப்ரல் கடைசியிலும் 38 டிகிரியைத் தாண்டியது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுத்தது நெரிசல். டாம்டாம் நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்த நகரத்தில் 10 கிலோமீட்டர் போக 28 நிமிடத்துக்கு மேல் ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர். சராசரியே அது என்றால், சில்க் போர்டிலும் டின் ஃபேக்டரியிலும் ஹெப்பாளிலும் மாலை ஆறரை மணிக்கு என்ன வேகம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஓடும் வேகத்தில் கிடைக்கும் காற்று கிடையாது. ஃபேன் இழுத்துக் கொடுக்கும் காற்று ஒன்றுதான் இன்ஜினுக்கு உயிர்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு ஓசூர் பக்கத்திலிருந்து தினமும் வந்து ஓட்டும் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்தார். ஏசி போட்டால் ஹீட், சிக்னலில் நின்றால் ஹீட். போனட்டைத் திறந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூலண்ட் டப்பாவில் குமிழ் குமிழாக வந்தது. ஃபேன் ஓடுகிறது, குமிழ் வருகிறது, அப்படியானால் ஹெட் கேஸ்கெட்தான் என்று முடிவு கட்டினேன். ஹெட்டை இறக்கினேன். லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் அடித்தேன். புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். ஆறு நாள் வண்டி ஷெட்டில் கிடந்தது. ஏழாம் நாள் அவர் எடுத்துப் போனார். அன்று சாயங்காலமே போன் செய்தார். அதே சிக்னல், அதே ஹீட்.

மறுநாள் காலையில் வண்டி வந்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் கிரில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையில் பழைய செய்தித்தாள் ஒன்று இருந்தது. ஏசியைப் போடச் சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கிரில்லின் மேல் வைத்தேன். நல்ல ஃபேன் என்றால் தாள் உள்பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு அது என் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது! எப்போதோ முன்பக்கம் இடித்து, யாரோ ஒயரை வெட்டி ஒட்டும்போது இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டார்கள். காற்றை உள்ளே இழுக்க வேண்டியது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் பார்த்த குமிழ், தண்ணீர் கொதித்ததால் வந்த குமிழ்.

ஒயரை மாற்றிச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் அந்த மாதம் மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில்தான் எனக்குக் கூலி கொடுத்திருந்தார். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆறு நாள் டிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த நாளிலிருந்து ஒரு பாடம் என் கையோடு இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது என்பது வேறு, இழுக்கிறது என்பது வேறு. அந்தப் பாடத்தைத்தான் உங்களுக்குத் தர நினைக்கிறேன்.

வண்டியை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் சரி, மூன்று கேள்விக்குப் பதிலை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போது சூடாகிறதா? ஏசி இல்லாமலும் ஆகிறதா, ஏசி போட்டால் மட்டுமா? கூலண்ட் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா? வண்டியோடு நாள் முழுக்க இருப்பவர் நீங்கள். அரை மணி நேரம் பார்க்கும் எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்தது.

நிற்கும்போது சூடாகி, நைஸ் ரோட்டிலோ எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலோ ஏறி அறுபது எழுபதில் போனதும் முள் இறங்கிவிட்டால், சந்தேகம் முழுவதும் காற்றின் மேல். தண்ணீர் ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. இப்போது ஃபேனைப் பாருங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜின் ஓட, ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸர் ‘டிக்’ என்று பிடித்த கொஞ்ச நேரத்துக்குள் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கிரில்லின் மேல் வையுங்கள். பிடித்து இழுத்து வைத்துக்கொண்டால் நல்லது. தொங்கினால் ஃபேனில் பலம் இல்லை. பறந்து வந்தால் நான் சொன்ன கதைதான். ஒன்று கவனம்: கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றும். துண்டு, தாயத்துக் கயிறு எதுவும் அருகில் போகக் கூடாது.

ஃபேன் சுற்றவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்தது ரிலே, அதற்கு அடுத்தது மோட்டார். ரிலேவைச் சோதிக்கக் கடைக்கு ஓட வேண்டாம். ஃபியூஸ் பெட்டியிலேயே அதே எண் போட்ட ஹாரன் ரிலே பல வண்டிகளில் இருக்கும். அதைக் கழற்றி இங்கே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறைய வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசிக்குக் குறைந்த வேகம், இன்ஜின் ரொம்பச் சூடானால் அதிக வேகம். அந்தக் குறைந்த வேகத்துக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. அது கருகிவிட்டால், ஏசி போட்டாலும் ஃபேன் சும்மா நிற்கும். முள் மேலே போன பிறகுதான் திடீரென்று பேய்த்தனமாகச் சுற்றும். “ஃபேன் ஓடுதுண்ணே, நான் பார்த்தேன்” என்று நீங்கள் சொல்வது அந்த நேரத்து ஓட்டத்தை. முதலில் சொன்னேனே, மார்ச் மாதம் வந்த தம்பி, அவர் வண்டியில் இதுதான். பக்கத்துக் கடையில் அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மாற்றிவிட்டேன். இதற்காக மூன்று வாரம் வேர்த்து வழிந்து ஓட்டியிருக்கிறார்.

ஃபேன் நன்றாக இழுக்கிறது, ஆனாலும் நிற்கும்போது சூடு என்றால், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு விரல் இடைவெளியை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே இருந்து பார்த்தால் கண்டன்சர் பளபளவென்று இருக்கும். உள்ளே கம்பளி மாதிரி அழுக்கு மண்டியிருக்கும். மெட்ரோ வேலை நடக்கும் அவுட்டர் ரிங் ரோட்டின் சிமெண்டுத் தூசி, நம் தெருமரங்கள் உதிர்க்கும் புங்கம்பூவும் தூங்குமூஞ்சி மரத்தின் பஞ்சு போன்ற பூவும், ராத்திரி ஹைவேயில் அடிபட்ட பூச்சி எல்லாம் அங்கேதான் போய் அடைகின்றன. ஒரு வண்டியிலிருந்து நான் எடுத்த அழுக்கு ஒரு டீத்தூள் பாக்கெட் அளவு இருந்தது. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய் வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் கிடைத்த காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இதற்கு நேர்மாறாக, சிக்னலில் சரியாக இருக்கிறது, வேகத்திலோ மேட்டிலோ சூடாகிறது என்றால், காற்றுக்குக் குறை இல்லை, தண்ணீர் ஓட்டத்துக்குத்தான் குறை. சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏறுகிறீர்களே, ஏற்காட்டுக்குச் சவாரி போய் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறீர்களே, அவைதான் இதற்குச் சரியான பரிசோதனைச் சாலைகள். அங்கே நான்கு பேரும் பெட்டியும் ஏசியும் சேர்ந்து முள்ளை ஏற்றினால், ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்றிருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகி இருக்கலாம். சூடான இன்ஜினில் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது.

ரேடியேட்டர் உள்ளே அடைபடுவதற்கு இந்த ஊரில் பெரிய காரணம் போர்வெல் தண்ணீர். 2024-இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது போர்வெல்லிலிருந்து ஏற்றிவந்த டேங்கர் தண்ணீரில்தான் ஊரின் பல பகுதிகள் வாழ்ந்தன. அந்தத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிவதை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தினம் மணிக்கணக்காகச் சூடாகும் இன்ஜினுக்குள் அதே உப்பு படியாதா? ரேடியேட்டரின் உள்வழி சில மில்லிமீட்டர்தான். ஆகவே குழாய்த் தண்ணீர், பாட்டில் மினரல் வாட்டர் எதுவும் வேண்டாம். கூலண்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலண்ட். கூலண்ட் என்பது பச்சைச் சாயம் போட்ட தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. ஒழுக்கு நிற்க மஞ்சள் தூள் போடும் பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து வந்தது. இன்றைய மெல்லிய அலுமினிய ரேடியேட்டருக்கு அது நேரடி மாரடைப்பு.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 97-இல் கொதிக்க வேண்டியதை 120 டிகிரி வரை கொதிக்க விடாமல் தடுப்பது அதுதான். அதன் ரப்பர் காய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரம் கொதித்து வழிந்துவிடும். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஒரு எண் இருக்கும். மாற்றும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்காத மூடி இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஏறக்குறைய 82-லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் கதவு அது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வராது, மைலேஜ் அடிவாங்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள். கொதி வருவதற்குள் திறந்தால் நல்லது, இல்லையென்றால் புதியது போடுங்கள்.

மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. நின்றாலும் சூடு, ஓடினாலும் சூடு, ஏசி இல்லாமலும் சூடு, கூலண்ட்டும் குறைகிறது. முதலில் வெளி ஒழுக்கைத் தேடுங்கள்: ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டாங்க் ஓரம், முன்சீட்டுக் கால்மிதியடியின் கீழ் ஈரம். வெளியே ஒன்றும் இல்லை, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே டப்பாவில் விடாமல் குமிழ் வருகிறது, புகை வெள்ளையாக இருக்கிறது, ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கிறது என்றால் அப்போது ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஹெட்டை இறக்குவதற்கு முன், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்து டெஸ்ட்டைச் செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்தால் நீலம் மஞ்சளாகும். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அன்றைக்கு அந்த ஓசூர்க்காரர் என்னிடம் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஏசி கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. “சிக்னல்ல ஏசி கூல் ஆகல, வண்டி ஓடினா கூல் ஆகுது” என்று சொல்லிக் கேஸ் அடித்துக்கொள்ள வரிசையில் நிற்கிறீர்கள். கேஸ் குறைந்தால் பெரும்பாலும் ஓடும்போதும் குளிர் குறையும். நிற்கும்போது மட்டும் குறைகிறதென்றால் ஃபேனையும் கண்டன்சரையும் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் அளவுக்கு மேல் சூடானாலோ, கேஸ் அழுத்தம் எகிறினாலோ, வண்டியின் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். அதுவும் உங்களுக்கு ‘ஏசி கூல் ஆகல’ என்றுதான் தெரியும். அங்கே போய் அளவில்லாமல் கேஸை ஏற்றினால் அழுத்தம் கூடி, கண்டன்சர் இன்னும் சூடாகி, முள் இன்னும் ஏறும். எத்தனை கிராம் என்று போனட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பழையதை எடுத்துவிட்டு, எடை போட்டு ஏற்றும் கடைக்குப் போங்கள்.

முள்ளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது வரும் பல சின்ன கார்களில் முள்ளே இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மேல் சூடானால் சிவப்பு விளக்கு. சிவப்பு வரும்போது பாதி நேரம் கடந்துபோயிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி போனில் இணைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடு எண்ணாகவே தெரியும். 85-லிருந்து 100-க்குள் ஏறி இறங்கினால் கவலை இல்லை. 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டுங்கள்.

ஓரம் கட்ட இடமில்லாத மேம்பாலத்தில் சூடு ஏறத் தொடங்கினால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். பின்னால் இருப்பவரிடம் “இன்ஜின் சூடாகுது சார், ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார். சிவப்பு விளக்கு வந்துவிட்டாலோ ஆவி கிளம்பினாலோ, இடம் கிடைத்தவுடன் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த சிக்னல் வரை போய்விடலாம் என்ற அந்த அரை கிலோமீட்டரில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. சூடான மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அடைபட்டிருக்கும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் வேண்டாம்.

என் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தம்பி டியூ கட்டும் வண்டியோடு வருகிறான். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவனிடம் கேளுங்கள். பத்து ரூபாய் வேலையிலிருந்து தொடங்கி மேலே போங்கள்: தாள், ஃபியூஸ், ரிலே, அழுக்கு, மூடி, கூலண்ட், தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர். ஹெட் கடைசி. நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் நேராகவே படியுங்கள்.

தம்பிமார்களே, நாளைக் காலையில் ட்யூட்டிக்குக் கிளம்பும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போனட்டைத் திறந்து கூலண்ட் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவில் மட்டம் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, ஒரு செய்தித்தாளைக் கிரில்லில் வைத்துப் பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். மாதம் ஒருமுறை செய்தாலே போதும். ஊரில் உங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தாளில் ஒட்டியிருக்கிறது.

தாள் ஒட்டவில்லை என்றால் அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. எங்கே போனாலும், ஏசியை அணைத்துவிட்டு “இப்ப சரியா இருக்கு” என்று சொல்லாதீர்கள். மெக்கானிக் முன்னால் நிறுத்தி, ஏசியைப் போட்டுக் காட்டுங்கள். அது சொல்ல வந்ததை அவர் காது கொடுத்துக் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
ஒரு கார் மெக்கானிக்
பெங்களூரு